மலையகப் பாடசாலையில் மறைப்பணி: வாரத்துக்கு இருபது நிமிடம்

கத்தோலிக்கப் பெயர் தாங்கிய மலையகப் பாடசாலைகள் பலவற்றில் மறைப்பணி என்றால் காலை ஒன்றுகூடலில் ஒரு செபம், உயிர்ப்பு விழாவுக்கு முந்திய தவக்காலத்தில் செபத்துக்கும் பாவசங்கீர்த்தனத்துக்குமாக ஒரு தியானம், முடிந்தால் மடு மாதா திருத்தலத்துக்கு ஒரு பஸ். என்னைக் கேட்டால், வாரந்தோறும் தவறாமல் கூடும் ஒரு சிறு குழு இந்த மூன்றையும் விடக் கூடுதலாகச் செய்யும்.

இலங்கையில் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு, திருச்சபை நடத்திய, அரசின் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. வாசலில் புனிதரின் பெயர் இருக்கும். அதிபரை நியமிப்பது அரசு. பங்குத்தந்தை அங்கே விருந்தாளிதான். அதனால் முதல் தவணை தொடங்கும்போதே ஆண்டு முழுவதற்குமான திகதிகளை எழுத்தில் கொடுத்து அனுமதி பெற்றுவிட வேண்டும். முந்தின நாள் போன் எடுத்துக் கேட்டால் அன்றைக்கென்று பரீட்சை இருக்கும், இல்லாவிட்டால் விளையாட்டுப் போட்டி இருக்கும்.

வாரக் குழுவுக்கு எட்டுப் பத்துப் பேர் போதும். பாடசாலை விட்டபின் கூட்டம் வைத்தால் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிடுவார்கள், இரண்டாம் வாரமே குழு கரைந்துவிடும். இடைவேளையில் இருபது நிமிடம்தான் சரி. பெல்ஜியக் குரு ஜோசப் கார்டைன் இளம் தொழிலாளர்களுக்காக வகுத்த ‘பார், தீர்மானி, செயற்படு’ என்ற முறையைத்தான் இளம் கத்தோலிக்க மாணவர் இயக்கமும் பின்பற்றுகிறது. பார்ப்பதற்கு ஒரே கேள்வி: இந்த வாரம் வகுப்புக்கு யார் வரவில்லை, ஏன்? அம்மா வெளிநாட்டில், தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று பதில் வரும். மழையில் நனைந்த சப்பாத்து காயவில்லை என்றும் வரும். பிறகு தீர்மானிக்க நற்செய்தியில் நாலைந்து வசனம். கடைசியில் செயற்பட ஒருவருக்கு ஒரு வேலை: வராத பிள்ளைக்குக் கணிதக் குறிப்பை எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது. அடுத்த வாரம் முதல் கேள்வி, ‘கொடுத்தாயா?’

இது கெடுவது இரண்டு இடங்களில். பொறுப்பாசிரியர் ‘பார்’ என்ற கட்டத்திலேயே பிரசங்கத்தைத் தொடங்கிவிடுவார். அல்லது கடைசியில் கொடுக்கும் வேலை ‘எல்லோரும் அன்பாக இருப்போம்’ என்று முடியும். செய்தார்களா என்று எப்படிப் பார்ப்பது?

வராத பிள்ளை சைவமாகவோ இஸ்லாமாகவோ இருந்தாலும் குறிப்பு போகத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையைச் செபத்துக்கு இழுக்கக் கூடாது. மனச்சாட்சிச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை.

தியானத்துக்கு பெப்ரவரி, மார்ச் நல்லது. தவக்காலமும் பெரும்பாலும் அப்போதுதான் வரும், ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழையும் தொடங்கியிராது. ஜூனில் வைத்தால் தகரக் கூரையில் விழும் மழையில் ஒலிபெருக்கி கூடக் கேட்காது. காசு சேர்ப்பதானால் தோட்டத்துச் சம்பளம் போட்ட பிறகே கேளுங்கள். மாதக் கடைசியில் கேட்டால் பிள்ளை காசில்லை என்று சொல்லாது, அன்றைக்கு வராமல் இருந்துவிடும்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு நேரக் கணக்குப் போடாததுதான் தியானங்களில் வழக்கமாக நடக்கும் பிழை. 60 பிள்ளைகளுக்குத் தலைக்கு 4 நிமிடம் என்றாலே 240 நிமிடம். ஒரே குருவானால் நாலு மணித்தியாலம் அதிலேயே போய்விடும்; காத்திருக்கிற பிள்ளைகள் கதைக்கத் தொடங்குவார்கள், காலை முழுக்கக் கட்டிய அமைதி போய்விடும். மூன்று குருக்கள் இருந்தால் 80 நிமிடம். பக்கத்துப் பங்குகளுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். நாற்காலிகளைத் திறந்த விறாந்தையில் போடுங்கள்: மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும், பேச்சுக் கேட்கக் கூடாது.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எவரிடமும் சொல்ல முடியாது. வீட்டில் அடி, துன்புறுத்தல் என்று ஒரு பிள்ளை அங்கே சொன்னால், அதையே வெளியே வந்து ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லும்படி குரு தூண்ட வேண்டும். அந்த ஆசிரியர் அன்றைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைக் காலையிலேயே கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.