பெயிண்டைக் கடைசிக்கு வையுங்கள்

பழைய பைக் ஒன்றைச் சரி பண்ணி ஓட்டப்போகிறேன் என்று பெங்களூரில் யாரிடம் சொன்னாலும், "என்ன கலர் அடிக்கப்போறே?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா, இன்ஜின் சுற்றுகிறதா என்று கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மெக்கானிக். இன்னொருவர் பெரியம்மா.

வண்டி 1975-ம் வருடத்து யெஸ்டி 250. பெரியப்பா ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அல்சூரிலிருந்து தூரவாணி நகர் வரை தினமும் இதில்தான் போய்வந்தார். முழங்கால் வலி வந்து கிக்கர் உதைக்க முடியாமல் போனதும், 2007 வாக்கில் மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினார். பிறகு அவரும் போய்விட்டார். வண்டி மேல் பழைய பாய், பாய் மேல் பெயிண்ட் டப்பா என்று வருடங்கள் ஓடிவிட்டன. பழைய இரும்புக்காரர் கேட்டு வந்தபோதெல்லாம் பெரியம்மா தரவில்லை. "யாராச்சும் ஓட்டறதா இருந்தா எடுத்துக்கோங்க, விக்கறதா இருந்தா வேணாம்" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

வேறு ஊரில் இந்த வண்டி கிடைத்திருந்தால் யோசித்திருப்பேன். யெஸ்டியைத் தயாரித்த ஐடியல் ஜாவா கம்பெனி 1961-ல் மைசூர் யாதவகிரியில் உற்பத்தியை ஆரம்பித்து, 1996-ல் மூடப்பட்டது. அதனால் கர்நாடகத்தில் இந்த இன்ஜினைப் பிரித்துப் பழகிய கைகள் இன்னும் இருக்கின்றன. மர்ஃபி டவுனில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் அப்படி ஒருவர். 2022-ல் யெஸ்டி என்ற பெயரில் புது வண்டி வந்ததிலிருந்து கடைக்காரர்கள் "புதுசா, பழசா?" என்று கேட்கிறார்கள். பெயர் ஒன்றே தவிர, புதியதன் நட்டு ஒன்றுகூடப் பழையதற்குப் பொருந்தாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வந்து பார்த்தார். இன்ஜினைத் தொடவில்லை. துணியால் சேஸ் எண்ணைத் துடைத்து, இன்ஜின் எண்ணையும் துடைத்து, ஆர்.சி. புக்கில் இருப்பதோடு ஒப்பிட்டார். "ரெண்டும் சரியா இருக்கு தம்பி. முதல்ல பேப்பரைப் பாருங்க. அது முடியாதுன்னா நான் பண்ற வேலையெல்லாம் ஷோ கேஸ்ல வைக்கத்தான்" என்றார். பழைய வண்டி விலைக்கு வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இத்தனை வருடத்தில் இன்ஜின் மாற்றிய வண்டிகள் ஏராளம்; புக்கில் ஓர் எண், வண்டியில் ஓர் எண் என்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பேப்பர் வேலையில் மூன்று முடிச்சு. முதலாவது, வண்டி கம்ப்யூட்டரிலேயே இல்லை. பழைய மூன்றெழுத்து எண்ணை அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாஹனில் போட்டால் அப்படி ஒரு வண்டி கிடையாது என்று வந்தது. ஆர்.டி.ஓ.வில் இதற்கு பேக்லாக் என்ட்ரி என்று பெயர். அவர்களுடைய பழைய பதிவேட்டில் வண்டி இருப்பதை உறுதி செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். 'பி எக்ஸ்ட்ராக்ட்' (பதிவேட்டின் நகல்) வேண்டும் என்று கேட்டால்தான் கவுன்டரில் புரிகிறது. இது நடக்காமல் இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், புது நம்பர் பிளேட் எதுவும் நகராது, ஏனென்றால் அவை எல்லாம் வாஹனிலிருந்துதான் விவரத்தை எடுக்கின்றன.

இரண்டாவது, பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்துபோனால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. இறப்புச் சான்றிதழோடு, நாட கச்சேரி என்கிற வருவாய்த் துறை அலுவலகத்தில் வாங்கிய வம்சவிருட்ச (வாரிசு விவர) சான்றிதழும் வைத்தோம். சென்னையில் இருக்கும் அக்கா ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பெரியம்மா பெயருக்கு மாற்றி, அங்கிருந்து என் பெயருக்கு மறுபடி மாற்றலாம் என்றுதான் நினைத்திருந்தேன். "எதுக்குடா ரெண்டு வேலை? என் பேர்லயே இருக்கட்டும், நீ ஓட்டு" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். எழுபத்தெட்டு வயதில் அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் சொந்தம்.

மூன்றாவது முடிச்சுதான் யோசிக்க வைத்தது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. புதிதாகப் பதிவாகிறவற்றின் நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும்; ஏற்கெனவே பதிவானவை பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. கேட்க கௌரவமாக இருக்கிறது. ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. படிக்கட்டுக்கு அடியிலிருந்து எடுத்து ஷெட்டுக்குள் வைக்க இவ்வளவு பாடு எதற்கு? சாதாரணப் பதிவுப் புதுப்பித்தல்தான் என்று முடிவு செய்தேன்: படிவம் 25, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. இருபது வருடம் தாண்டிய இரு சக்கர வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் இந்தக் கட்டணம் 2,000 ரூபாய் ஆகிவிட்டது. காலாவதியான காலத்துக்குத் தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி.

புதுப்பிக்க வண்டி நேரில் போய் நிற்க வேண்டும். ஆகவே பேக்லாக் கோப்பு உள்ளே இருந்த வாரங்களில் இன்ஜின் வேலை ஆரம்பமானது.

பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தது. கிக்கர் அசையவில்லை. இந்த இடத்தில்தான் பலர் சுத்தியலை எடுக்கிறார்கள். அடித்தால் கனெக்டிங் ராடு வளையும், இல்லையென்றால் பிஸ்டன் தலை உடையும். அண்ணன் பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றிவிட்டு வேறு வண்டி பார்க்கப் போய்விட்டார். தினமும் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவை மறுபடி ஊற்றுவதோடு சரி. ஊறியதும் நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினார். கிக்கரில் கொடுக்கும் விசையைவிட இது மென்மையானது. கடைசியில் ஒரு நூலளவு நகர்ந்தது. அதற்கப்புறம் சுலபம்.

பிரித்துப் பார்த்ததில் சிலிண்டருக்குள் துரு பிடித்துக் குழி விழுந்திருந்தது. ஸ்டாண்டர்ட் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 65 மி.மீ.; ஏற்கெனவே ஒரு தடவை 0.25 ஏற்றியிருந்தார்கள். லேத் பட்டறையில் 0.50 ஓவர்சைஸுக்கு போர் அடித்தோம், அதாவது உள்பக்கத்தைக் குடைந்து பெரிதாக்கினோம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையோடு கொண்டுபோய், அதன் அளவுக்கு போர் அடிக்கச் சொல்ல வேண்டும். போர் அடித்த பிறகு பிஸ்டன் தேடினால் பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்காது. இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின்; அதற்கு இன்னொன்று உண்டு. சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் போர்ட் ஓட்டைகள் இருக்கின்றன. போர் அடித்ததும் அவற்றின் ஓரம் கத்தி மாதிரி கூராக நிற்கும். அதைத் தேய்த்து மழுக்காவிட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். நாலு ஸ்ட்ரோக் மட்டுமே பார்த்த பட்டறையில் இதை விட்டுவிடுவார்கள். அண்ணன் சிலிண்டரை வாங்கியதும் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு அவரே உட்கார்ந்து தேய்த்தார்.

கிராங்கின் இரு பக்க ஆயில் சீல்களையும் மாற்றியே ஆக வேண்டும். நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் நம்பாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருந்தால்தான் பெட்ரோல் கலவை மேலே ஏறும். ரப்பர் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் கல்லாகிவிடுகிறது. கிளச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் இழுத்து எரிக்கும், தெருவே புகையாகும்; டைனமோ பக்க சீல் போனால் காற்றை இழுத்து, கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். சில நூறு ரூபாய்ப் பொருள். பெயிண்ட் அடித்து முடித்த வண்டியில் இதை மாற்ற இன்ஜினை மறுபடி இறக்க வேண்டும். தகதகவென்று பளபளக்கும் வண்டிகள் பல, ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாமல் மூலையில் நிற்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

கார்புரேட்டர் ஜிக்காவ் என்ற பிராண்டு. உள்ளே பெட்ரோல் காய்ந்து பச்சைப் பிசினாகியிருந்தது. பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தோம். பித்தளை ஃப்ளோட்டில் (மிதவையில்) பொத்தல் இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கிவந்து அதில் முக்கினார். உள்ளே இருக்கும் காற்று விரிந்து குமிழி வந்தால் பொத்தல். வரவில்லை.

டேங்க் பெரிய வேலை வாங்கியது. புது டேங்க் கிடைக்கிறது, ஆனால் தகடு மெலிசு. பழையதைத் தட்டினால் வரும் சத்தமே வேறு. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியை ஊற்றி, ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். பிறகு தண்ணீர், அப்புறம் சோடா மாவுக் கரைசல், மறுபடி தண்ணீர். காய்ந்த கையோடு டூ-டி (டூ ஸ்ட்ரோக் இன்ஜின்) ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட வேண்டும். ஒரு ராத்திரி சும்மா விட்டால் காலையில் மறுபடி துரு. உள்பக்கம் கோட்டிங் பூசலாமா என்றேன். "அது உரிஞ்சு வந்துச்சுன்னா ஜெட்ல போய் உக்காரும், வேணாம்" என்றார். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் டியூப், பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயின் வாஷர் எல்லாம் அதைத் தாங்கும் ரகமாக மாற்றினோம். இரண்டு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் அந்தக் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் காலியாகி இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறேன்.

சாமான் தேட ஜே.சி. ரோடு, கிடைக்காவிட்டால் சிவாஜிநகர் குஜிரி (பழைய சாமான்) கடைகள். பழைய உதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் விவரித்தால் வேறெதையோ தருவார்கள். பழைய பிரேக் ஷூவைக் கழற்றும்போது மட்டும் கவனம்: அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. காற்றடித்துத் தூசி கிளப்பாமல் நனைத்துத் துடையுங்கள்.

மின்சாரத்தில் 6 வோல்ட்டையே வைத்துக்கொண்டேன். 12-க்கு மாற்றினால் ஹெட்லைட் பிரகாசமாகும், உண்மைதான். ராத்திரியில் ஓட்டும் எண்ணம் இல்லை. ரெகுலேட்டரை மட்டும் எலக்ட்ரானிக் ஆக்கி, ஒயரிங் முழுக்கப் புதிதாக இழுத்தோம். இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. வைத்து, டைமிங் பார்த்து, லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றினோம். இந்த வண்டியில் கியர் லிவரும் கிக்கரும் ஒன்றே. உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பினால் கிக்கர். அண்ணன் உதைத்தார், கிளம்பியது. இரண்டு சைலன்சரிலும் பழைய கரி இருந்ததால் பட்டறை முழுக்கப் புகை. பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

பெயிண்ட் பற்றிய பேச்சு அப்போதுதான் எடுத்தோம். அதற்குள் என் மனசு மாறியிருந்தது. காம்பவுண்ட் போட்டுத் துடைத்ததும் மெரூன் நிறம் பாதிக்கு மேல் மிச்சமிருப்பது தெரிந்தது. டேங்கின் தங்கக் கோடு முழங்கால் படும் இடத்தில் மட்டும் அழிந்திருந்தது. அது பெரியப்பாவின் முழங்கால். மட்கார்டின் அடிப்பகுதியில் துருவைச் சுரண்டி அங்கே மட்டும் தொட்டு அடித்தோம். சைலன்சருக்கு மட்டும் குரோம். முழுசாகப் பெயிண்டோ பவுடர் கோட்டிங்கோ கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சேஸ் எண் மேல் டேப் ஒட்டிவிட்டுக் கொடுங்கள். அதன் மேல் தடியாகப் பூச்சு ஏறிவிட்டால் இன்ஸ்பெக்டர் காகிதம் வைத்துப் பென்சில் தேய்க்கும்போது எண் வராது. சுரண்டி எடுத்தால் எண்ணைத் திருத்தியிருக்கிறீர்களோ என்று சந்தேகம் வரும்.

ஆர்.டி.ஓ.வில் எங்களுக்குப் பென்சில் முதல் தடவையிலேயே பதிந்தது. இன்ஸ்பெக்டர் ஹாரன், பிரேக், லைட் பார்த்துவிட்டு, தேவைக்கு அதிகமாகவே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். புகைச் சோதனையில் தேறாது என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். 2000-த்துக்கு முந்தைய இரு சக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்ஸைடு வரம்பு 4.5 விழுக்காடு, கார்புரேட்டர் சரியாக இருந்தால் அதற்குள் நிற்கும், நின்றது. இன்ஷூரன்ஸ் மட்டும் இணையத்தில் நடக்கவில்லை. பொதுத்துறைக் கம்பெனியின் கிளைக்கு நேரில் போய் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தோம். விண்ணப்பத்தில் உரிமையாளரின் வயதைப் பார்த்த கவுன்டர் அம்மா ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இப்போது வண்டி ரன்னிங்-இன்னில், அதாவது புது பிஸ்டன் பழகும் காலத்தில், இருக்கிறது. 50-க்கு மேல் போகக் கூடாது, 500 கிலோமீட்டர் ஆனதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அது பிறந்த மைசூருக்கு ஒரு தடவை ஓட்டிப் போக ஆசை. பெங்களூர்-மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்டிலிருந்து இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். அண்ணனுக்கு அதில் வருத்தமே இல்லை. "சர்வீஸ் ரோட்லதான் டீக்கடை இருக்கு. இருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி இன்ஜினை ஆற விடுங்க" என்கிறார்.