ஆர் 62.52-க்கு விழுந்த எரர்: ரிபட்டலில் எடுபட்டது எது

நான் போட்ட கோடில் ஆடிட்டர் குறித்த எரர், ரிபட்டல் (மறுப்பு) அனுப்பியதில் ஒருவழியாக ரிவர்ஸ் ஆகிவிட்டது. ஆனால் அதற்குள் குவாலிட்டி ஸ்கோர் இறங்கி, அந்த மாத இன்சென்டிவும் போய்விட்டது. மெடிக்கல் கோடிங்கில் (டாக்டர் எழுதிய நோய்க்குக் கோடு எண் போடும் வேலை) சேலத்தில் நைட் ஷிஃப்டில் பீடியாட்ரிக் சார்ட் பார்க்கிறவர்கள் என்றைக்காவது இதில் மாட்டுவீர்கள்; அதனால் எழுதுகிறேன்.

சாதாரண அவுட்பேஷன்ட் விசிட். அசெஸ்மென்டில் 'ஷார்ட் ஸ்டேச்சர், ப்ராபபிள் குரோத் ஹார்மோன் டெஃபிஷியன்சி' என்று இருந்தது. நான் போட்ட கோடு ஆர் 62.52, அதாவது உயரம் குறைவு என்ற அறிகுறி மட்டும். ஆடிட்டரோ குரோத் ஹார்மோன் குறைபாட்டுக்கான இ 23.0 விட்டுப்போச்சு என்று எரர் குறித்தார். கேட்டால், "டாக்டரே எழுதியிருக்காரே!" எழுதியிருக்கிறார்தான், முன்னால் 'ப்ராபபிள்' என்றும் சேர்த்து! அவுட்பேஷன்டில் ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட் எதையும் உறுதியான நோயாகக் கோடு பண்ணக் கூடாது; அறிகுறியோடு நிறுத்திவிட வேண்டும். டிஸ்சார்ஜ் வரைக்கும் 'ப்ராபபிள்' என்றே நிற்கிற இன்பேஷன்ட் கேஸுக்குத்தான் விதி வேறு. அவர் இன்பேஷன்ட் டீமிலிருந்து வந்தவர், பழைய பழக்கம் விடவில்லை. அவர் சொன்னபடி போட்டிருந்தால், டெஸ்ட் ரிசல்ட்டே வராத பையனின் ரெக்கார்டில் பிட்யூட்டரி நோய் ஏறியிருக்கும்.

நியாயத்தை விளக்கி நீளமாக எழுதிய ரிபட்டலுக்கு 'நாட் அக்செப்டட்' என்று ஒரே வரி. அப்புறம் விளக்கத்தையெல்லாம் தூக்கிவிட்டு, கைட்லைன் செக்‌ஷன் 4 எச் (மேலே சொன்ன அவுட்பேஷன்ட் விதி), சார்ட்டில் அந்த வரி, பக்க எண், இவ்வளவு மட்டும் அனுப்பியதும் ரிபட்டல் எடுபட்டது. ஆடிட்டரிடம் நியாயம் பேசாதீர்கள், செக்‌ஷன் நம்பர் பேசுங்கள்.

இதே குடும்பத்தில் வேறு கண்ணிகளும் உண்டு. 'டிலே' என்று பார்த்ததுமே ஆர் 62.50 (வகை குறிப்பிடாத வளர்ச்சிக் குறைவு) போடுவது முதல் கண்ணி. குளோபல் டெவலப்மென்டல் டிலே என்றால் எஃப் 88. மைல்ஸ்டோன் தாமதம் ஆர் 62.0. எடை ஏறாத குழந்தைக்கு ஃபெய்லியர் டு த்ரைவ் ஆர் 62.51, ஆனால் பிறந்து 28 நாள் ஆகாவிட்டால் பி 92.6. பிறந்த தேதியைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். கான்ஸ்டிட்யூஷனல் ஷார்ட் ஸ்டேச்சர் இ 34.31, அதோடு ஆர் 62.52-ஐயும் சேர்த்தால் எக்ஸ்குளூட்ஸ்1 (இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது என்ற குறிப்பு) அடிக்கும். 2022 அக்டோபர் 1 முதல் வெறும் இ 34.3 செல்லாது. பழைய சீட் ஷீட்டை (கோடுக் குறிப்புத் தாளை) இன்னும் மேசையில் ஒட்டி வைத்திருப்பவர்கள் கிழித்துப் போடுங்கள்.

குரோத் சார்ட்டில் எடை 3-வது பெர்சென்டைலுக்குக் கீழே கிடந்தாலும், டாக்டர் டயக்னோசிஸ் எழுதாமல் நாமாக ஆர் 62.51 போட முடியாது. நர்ஸ் குறித்த பிஎம்ஐயை வைத்து இசட் 68.51 (பிஎம்ஐ 5-வது பெர்சென்டைலுக்குக் கீழே) போடலாம், அதற்கும் டாக்டர் எழுதிய டயக்னோசிஸ் துணைக்கு வேண்டும். இல்லையென்றால் டாக்டரிடம் விளக்கம் கேட்கும் குவெரிதான். குவெரியில் 'இது ஃபெய்லியர் டு த்ரைவ் தானே?' என்று கேட்டால் அது பதிலை நாமே எடுத்துக்கொடுக்கும் லீடிங் குவெரி, அதற்குத் தனியாக ஒரு எரர் விழும்.

உள்ளூர் ஆஸ்பத்திரி ரெக்கார்டுக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: மேலே சொன்னதெல்லாம் அமெரிக்காவின் நோய்க் கோடு பட்டியலான ஐசிடி-10-சிஎம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-ல் ஆர் 62.51 என்றே ஒன்று கிடையாது. அங்கே அது ஆர் 62.8.