அம்மப்பாவின் சுங்கான்

வெள்ளவத்தை வீட்டில் அலுமாரியை ஒதுக்கியபோது அம்மப்பா புகைபிடித்த சுங்கான் அகப்பட்டது. கிண்ணத்துக்குள் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குக் கரி. வாயில் வைக்கும் தண்டு, பாசி பிடித்த கிணற்றுக்கட்டு மாதிரிப் பச்சையும் மண்ணிறமுமாக இருந்தது. நான் புகைப்பதில்லை. ஆனாலும் எறிய மனம் வரவில்லை.

தண்டு மரத்தோடு இறுகிப் போயிருந்தது. பொலித்தீனில் சுற்றி அரை மணித்தியாலம் ஃபிரீசரில் வைத்து, மெல்லத் திருகக் கழன்றது.

கரியை முழுக்கச் சுரண்டக் கூடாது. கிண்ணம் செய்த பிரையர் மரத்தில் நேரே சூடு ஏறாமலிருக்க ஒரு மில்லிமீற்றர் அளவு உள்ளே இருக்க வேண்டும். பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி மிச்சத்தை எடுத்தேன். அப்புறம் மணம். கிண்ணம் நிறையக் கல்லுப்புப் போட்டு, பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓரிரவு வைத்தேன். விடியப் பார்த்தால் உப்பு சாயத்தண்ணி நிறம்.

"உந்த மணம் வீடெல்லாம் அடிக்குது, பல்கனியில கொண்டுபோய் வை" என்றார் அம்மா. இரண்டாம் தரமும் செய்ய வேண்டியிருந்தது.

பெரிய வேலை தண்டில்தான். அது வல்கனைற், கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டால் நிறம் மாறும். பல்லுத் தடத்தை மெழுகுதிரிச் சுவாலைக்குச் சற்று மேலே ஆட்டி ஆட்டிப் பிடித்தேன். சூட்டில் றப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். மேல்தடம் எழும்பி மறைந்தது, கீழ்த்தடம் அசையவே இல்லை. பிறகு புறக்கோட்டையில் வாங்கிய 400, 600, 1000, 2000 இலக்க உப்புத்தாள்களை நனைத்து, சொரசொரப்பானதிலிருந்து மென்மையானது வரை வரிசையாகத் தேய்த்தேன். மஞ்சள் தண்ணீர் வடிந்தது, கூழ்முட்டை நாற்றம் வேறு.

இங்கேதான் பிழை விட்டேன். தண்டைத் தனியே கையில் வைத்துத் தேய்த்ததில் அடி விளிம்பு மழுங்கிவிட்டது. இப்போது பொருத்தினால் மூட்டில் நகம் தட்டுகிறது. மரத்தில் பொருத்தியபடியே தேய்த்திருக்க வேண்டும்.

மரத்தில் உப்புத்தாள் படவிடவில்லை, அதில் பதித்திருக்கும் முத்திரை எழுத்து அழிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, கார்னோபா என்ற ஒருவகைப் பனை மெழுகு கலந்த பூச்சைப் பூசி, பழைய பெனியனால் மினுக்கினேன்.

கன்னங்கரேலென்று வந்த அழகில் மயங்கி யன்னலோரம் வைத்தேன். கடற்காற்றும் பின்னேர வெயிலும் சும்மா விடுமா? இரண்டு மாதத்தில் மறுபடி மண்ணிறம் தட்டிவிட்டது. சரி, 2000 தாள் இன்னும் அரைவாசி மிச்சம் இருக்கிறது. தேய்த்து முடித்ததும் துணியில் சுற்றி அலுமாரிக்குள்.