எந்தப் பச்சை ஈ?

பளபளக்கும் பச்சை ஈயைக் கண்டதும் நிறத்தை வைத்தே பெயர் சொல்லிவிடலாம் என்று தோன்றும். நிறத்தை நான் நம்புவதில்லை. ஒரே இனத்திலேயே பச்சை, நீலப்பச்சை, செம்பு என்று சாயல் மாறும். நான் ஊசியில் குத்தி வைத்திருந்த பெண் ஈக்குப் பெயர் வேண்டுமென்றால் மயிர்களை எண்ணத்தான் வேண்டும்.

ஊசியை மார்பின் நடுவில் இறக்காமல் சற்று வலப்புறமாகக் குத்தியிருந்தேன். நடுக்கோட்டை ஒட்டிய முள்மயிர்களுக்குச் சேதம் வராது. இடப்பக்கமும் முழுதாகக் கிடைக்கும்.

குடும்பம் வரை சுலபம். மார்பின் பக்கவாட்டில், பின்காலின் அடிக்குச் சற்று முன்னால், வரிசையாக நிற்கும் முள்மயிர்களும் உடலின் உலோக மினுக்கமும், அழுகும் சதையை நாடும் ஈக்களின் குடும்பமான கலிஃபோரிடே என்றன. அக்குடும்பத்துப் பேரினங்களில் கிரைசோமியாவா, லூசிலியாவா என்பது அடுத்த கேள்வி. இறகு உடலோடு சேரும் அடிப்பகுதியில் உள்ள தடித்த நரம்பின் மேற்புறத்தில் கிரைசோமியாவுக்கு மயிர் வரிசை உண்டு. இதற்கு வழுக்கை. ஆகவே லூசிலியா. இறகின் அடிப்பகுதியில் முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் பேசிகோஸ்டா என்ற சிறு செதில் பல லூசிலியா இனங்களில் கறுப்பாக இருக்கும், இதில் வெளிர்மஞ்சள். மார்பின் பின்பாதியில் நடுக்கோட்டின் இருபுறமும் மும்மூன்று முள்மயிர்கள். லூசிலியாவில் செரிகேட்டா, குப்ரினா என்ற இரண்டு இனங்கள் மிஞ்சின.

அங்கேதான் பொறுமை தீர்ந்தது. ஆறாத புண்களைச் சுத்தம் செய்ய மருத்துவத்தில் பயன்படுவது செரிகேட்டாவின் புழு. ஆஸ்திரேலியாவில் உயிருள்ள ஆடுகளின் சதையைத் தின்று பெருநட்டம் விளைவிப்பது குப்ரினாவின் புழு. வாழ்க்கையில் இத்தனை தூரம் விலகியவற்றை உருவத்தில் பிரிப்பவை சில மயிர்கள். தோள்மேட்டின் பின்சரிவில் செரிகேட்டாவுக்கு ஆறு முதல் எட்டு குறுமயிர்கள். குப்ரினாவுக்கு நான்குக்கு மேல் போகாது. நான் எண்ணியபோது ஐந்து. இனங்காணும் திறவுகோல்களை எழுதுகிறவர்கள் ஒரு மயிர்கூட உதிராத ஈக்களை மட்டுமே பார்த்தவர்களோ என்னவோ!

விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்தேன். நேர்வெளிச்சத்தில் மினுக்கம் கண்ணைக் கூசச் செய்து எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. சாய்ந்த ஒளியில் மயிர் உதிர்ந்த இடத்தில் ஒரு வட்டக் குழி தெரிந்தது. மயிர் முளைக்காத இடத்தில் குழி இராது. குழியையும் சேர்த்தால் ஆறு.

ஆனாலும் இவ்விரண்டு இனங்களும் தமக்குள் கலந்து கலப்பினங்களை ஈனுவது தெரிந்த செய்தி. ஒற்றை அடையாளத்தை நம்பிப் பெயர் எழுத மனம் வரவில்லை. ஈயைத் திருப்பி அதன் தலையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். உச்சியின் உள் முள்மயிருக்குக் கீழே, பிடரியில், குப்ரினாவுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு மயிர்தான். இதில் பல இருந்தன. முன்காலின் தொடையும் குப்ரினாவைப் போல் பச்சையாக மினுங்காமல் கருநீலமாக இருந்தது.

லூசிலியா செரிகேட்டா, பெண் என்று சீட்டு எழுதிச் செருகினேன். அதே பெட்டியில் தோள்மயிர் தேய்ந்து, தலையும் கழன்றுபோன இன்னொரு பச்சை ஈ இருக்கிறது. அதன் சீட்டில் லூசிலியா என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.