எழுதட்டுமா சார்?

"அதை எழுதட்டுமா சார்?" என்று கேட்டார் எங்கள் கல்லூரியின் இளம் ஆசிரியை ஒருவர். "வேண்டாம்மா" என்றேன். மொத்தப் பேச்சும் ஐந்து நிமிடம் இருக்கும். அன்று உள் தணிக்கைக்காகப் பதினான்கு கோர்ஸ் ஃபைல் பார்த்தேன். அதில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. இது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

அவருடைய மென்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தன் பொறுப்பில் உள்ள மாணவர்களைச் சந்தித்துப் பேசியதை ஆசிரியர் எழுதிவைக்கும் நோட்டு அது. ஒரு மாணவியின் பக்கம். முதல் இரண்டு சந்திப்புக்கும் அந்தப் பெண் தமிழில் முழுப் பெயரையும் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். மூன்றாவது டிசம்பர் 9. அதில் ஆங்கிலத்தில் ஒரு சுழி. பக்கத்திலேயே வருகைப் பதிவேடு கிடந்தது. அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் 'டி.சி. நவம்பர் 18' என்று இருந்தது. நோட்டிலோ 'குறை ஏதும் இல்லை. நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது'.

நான் ஒன்றும் சொல்லவில்லை, விரலை வைத்தேன். அவ்வளவுதான். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாதவர்.

"எல்லாருக்கும் ஒரே ராத்திரியில எழுதினேன் சார். அவ பக்கத்தை எடுக்க மறந்துட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும் சார். திருப்பூர்ல கம்பெனிக்குப் போறா. நான் ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்கே போனேன். பஸ் ஸ்டாப்ல இருந்து ரொம்ப தூரம் நடந்து போனேன். அப்பாவுக்கு டயாலிசிஸ். ஃபீஸ் கட்டிடலாம்னு சொல்லியும் பார்த்தேன், அவங்கம்மா கேட்கல. அதை எழுதட்டுமா சார்?"

வேண்டாம்மா. அந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டு வேறு தாள் ஒட்டிவிடுங்கள் என்றேன். என் அறிக்கையில் 'மென்டர் பதிவேடு முறையாகப் பராமரிக்கப்படுகிறது' என்று எழுதினேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் கையேட்டில் அப்போது 2.3.3 என்று ஒரு கேள்வி. எத்தனை மாணவருக்கு ஒரு மென்டர் என்ற விகிதத்தைத்தான் கேட்கும். ஏழு அளவுகோல், 1000 மதிப்பெண். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் எண்ணிக்கையை வைத்தே முடிவானது. எண்ணைக் கொடுத்தால் டி.வி.வி. என்ற தரவுச் சரிபார்ப்பில் ஆதாரம் கேட்பார்கள். நோட்டை ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்தின் நோயையும் வறுமையையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஏற்றுவதா? வேண்டாம் என்றது அதனால்தான்.

அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் இந்தக் காரணம் எனக்கு அன்று தோன்றவே இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, பைக் ஓட்டும்போது தோன்றியது. அன்று நினைத்தது வேறு: வீட்டுக்குப் போனதற்கு அனுமதிக் கடிதம் எங்கே என்பார்கள், இடைநிற்றல் ஏன் என்பார்கள், ஃபீஸ் கட்டுகிறேன் என்று சொல்ல இவர் யார் என்பார்கள். கேள்வி வராத பக்கம்தான் நல்ல பக்கம் என்று எனக்குப் பழகிப்போயிருந்தது.

இன்னொன்றும் உண்டு. 'நிலுவையில் உள்ள பதிவேடுகள் அனைத்தையும் வெள்ளிக்குள் முடித்து வைக்கவும்' என்று துறை வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி போட்டவன் நான்தான். நிலுவையில் இருக்கும் சந்திப்பை வெள்ளிக்குள் எப்படி முடிப்பது? ஒரே ராத்திரியில், ஒரே பேனாவில்தான் முடிக்க முடியும். அவர் என் சொல்லைத்தான் கேட்டார். நானே கேட்டு வாங்கிய பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு ஏதோ சாமர்த்தியம் போல விரலை வைத்திருக்கிறேன்.

சரி, குறைபாடு என்று எழுதியிருந்தால்? அவருக்கு மெமோ வந்திருக்கும், இன்க்ரிமென்ட் நின்றிருக்கலாம். மாணவர்களைப் பார்க்காமலே பொய் எழுதிய மற்றவர்கள் தப்பித்திருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் பக்கத்தில் யாரும் டி.சி. வாங்கவில்லை. ஆக, நான் செய்தது சரிதான். இப்படி நினைத்துக்கொண்டு தூங்கப் போவேன், அப்புறம் அந்தத் தாள் ஞாபகம் வரும். தமிழில் குண்டு குண்டாக எழுதிய இரண்டு கையெழுத்தும் அதோடு போயின. அவை இரண்டும் நிஜம்.

ஒரே ஆசிரியர்களின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் முழுநேரப் பட்டியலில் இருப்பதாக 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் குற்றம் சாட்டியபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரே பேச்சு. ஆளே இல்லாமல் பெயரை மட்டும் வைத்து இன்ஸ்பெக்‌ஷனை முடித்திருக்கிறார்களே என்று சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த ஆசிரியை அன்று ஸ்டாஃப் ரூமில் இருந்தாரா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை.

அடுத்த வருடம் மென்டர் நோட்டில் 'வீட்டாருடன் தொடர்பு' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்தேன். தணிக்கையில் பார்த்தால் வரிசையாக 'தொலைபேசியில் பேசப்பட்டது', 'தொலைபேசியில் பேசப்பட்டது', ஒரே மையில். அவருடைய நோட்டில் மட்டும் எல்லாப் பக்கத்திலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. குறிப்பில் 'பூர்த்தி செய்யப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.