கடைசியாகக் கண்ட திகதி

மே 3
கரண்ட் இல்லை. ஒன்றும் செய்யவில்லை.

மே 5
காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்கள் போடும் எங்கள் தளத்தில் 600ஆம் பக்கத்தைத் தட்டினால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஓப்செட், அதாவது "இத்தனை வரியைத் தாண்டு" என்ற கட்டளை, போட்டால் டேட்டாபேஸ் நேரே அந்த இடத்துக்குப் போகும் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன். பக்கத்துக்கு 20 படம் என்றால், முந்தின 11,980 வரியையும் ஒவ்வொன்றாக வாசித்து எறிந்துவிட்டுத்தான் அந்த 20ஐத் தருகிறது. பின்னுக்குப் போகப் போகச் சுணக்கம்.

மே 6
தர்மபுரத்து அம்மா வந்திருந்தார். பேத்தியின் போனில் நாலு நாளாக முதல் பக்கத்திலிருந்து பார்த்தாராம். "எல்லாத்தையும் பாத்திட்டன் தம்பி, என்ர பிள்ளை இல்லை." தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

மே 7, விடிய 2 மணி
நித்திரை இல்லை. அந்த நாலு நாளும் நான் இரட்டிப்பாக ஏறின படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். அவர் 40ஆம் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு முன்னால் ஒன்றை அழித்தால் மிச்சம் எல்லாம் ஒரு இடம் முன்னுக்கு நகரும், 41இன் முதல் படம் 40இன் கடைசிக்கு வந்துவிடும், அவரோ 41ஐத் தட்டிவிட்டார். அந்த முகம் அவர் கண்ணில் படவே படாது. எத்தனை அழித்தேன் என்று கணக்கும் வைக்கவில்லை.

மே 9
பக்க எண்ணைத் தூக்கிவிட்டேன். கடைசியாகப் பார்த்த படத்தில் உள்ளவரைக் கடைசியாகக் கண்ட திகதியையும் ஐடியையும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் உள்ள தனி எண்ணையும், கொடுத்து "இதற்குப் பிறகு 20" என்று கேட்கிறேன், இரண்டுக்கும் சேர்த்து அதே வரிசையில் ஒரு இன்டெக்ஸ், டேட்டாபேஸ் நேரே அந்த இடத்துக்குப் போக உதவும் அட்டவணை. இனி நடுவில் எதை அழித்தாலும் அவர் நின்ற இடம் அசையாது. திகதி மட்டும் போதாது. 2009 மே மாதத்தில் ஒரே நாளுக்கே பக்கம் பக்கமாக ஆட்கள், ஐடி இல்லாவிட்டால் அந்த நாளின் மிச்சப் பேர் அப்படியே தாண்டுப்பட்டுப் போவார்கள். உண்மையில் 21 வரி எடுக்கிறேன், 21ஆவது வந்தால் "அடுத்தது" பொத்தான் தெரியும், மொத்தத்தை எண்ணத் தேவையில்லை. 600ஆம் பக்கத்துக்கு ஒரேயடியாகத் தாவ முடியாதுதான். அதைக் கேட்டு யார் வருகிறார்கள், ஊரையும் ஆண்டையும்தான் கேட்பார்கள்.

மே 10
கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியால் வந்தேன். 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அம்மாமார் போராட வந்து இருந்த இடம். நிற்காமல் வந்துவிட்டேன்.

மே 12
தளத்தில் ஆட்கள் குறைகிறார்கள்! முழுக்க எண்ணிப் பார்த்தேன். கடைசியாகக் கண்ட திகதி தெரியாதவர்களில் ஒருவர்கூட வரவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் முந்தியா பிந்தியா என்ற கேள்விக்கு எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, ஆம் வராத வரி வெளியே. திகதி தெரியாதென்றால் ஆளே இல்லையா? தர்மபுரத்து அம்மாவும் "சித்திரையோ வைகாசியோ" என்றுதான் சொன்னவர்.

மே 13
இப்போது தளம், திகதி உள்ளவர்கள் முடிந்ததும் தெரியாதவர்களை ஐடி வரிசையில் தனியாகக் கேட்கிறது. இரண்டு தரம் எண்ணினேன். சரி.

மே 16
பரந்தன் சந்தியால் திரும்பித் தர்மபுரம். வழியெல்லாம் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். திரும்ப முதலிலிருந்து பாருங்கோ அம்மா என்று சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். கோபிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

மே 17
இரவு 11க்குப் பேத்தியின் மெசேஜ். "அண்ணா, 1996 முடிஞ்சுது. அம்மம்மா இன்னும் படுக்கேல்ல."