ஹெச்டிஆர் ஒருவழியா வழிக்கு வந்துச்சு, டோன் மேப்பிங் தான் வில்லன்

பிஎஸ்5 கேம் கன்சோல்ல ஹெச்டிஆர் (பளிச்சுன்னு இருக்கிறதயும் இருட்டயும் விரிவா பிரிச்சுக் காட்டுற முறை) செட் ஆயிருச்சு மக்களே. இத்தனை நாளா எந்த ஓப்பன் வேர்ல்ட் கேம் போட்டாலும் சாயங்கால வானம் தட்டையா, ஒரே வெளிச்சமா, சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் கிடக்கும். இப்ப மேகத்தோட ஓரம் தனியா, உள்ள இருக்கிற ஆரஞ்சு தனியா, நடுவுல சூரியன் மட்டும் கண்ணக் கூசுற மாதிரி. டிவி அதே 55 இஞ்ச் ஓஎல்ஈடி (ஒவ்வொரு புள்ளியும் தானா ஒளிர்ற, தேவைன்னா முழுசா அணையுற பேனல்) தான், புதுசா எதுவும் வாங்கல (கேபிள் கதை வேற, அதுக்கு வரேன்).

கேம் மோட் போடுறது, எனர்ஜி சேவிங்க ஆஃப் பண்றது, டிவில பிஎஸ்5 சொருகின ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு டீப் கலர் ஆன் பண்றது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், விடுங்க. மேட்டர் எங்கன்னா, பிஎஸ்5 செட்டிங்ஸ்ல வீடியோ அவுட்புட் உள்ள 'ஹெச்டிஆர் அட்ஜஸ்ட்'னு ஒண்ணு இருக்குல்ல, மூணு ஸ்க்ரீன் வரும், எல்லாரும் பட் பட்னு தட்டிட்டுப் போயிருவோமே, அதுதான். முதல் ரெண்டு ஸ்க்ரீன் உங்க டிவியால எவ்வளவு வெளிச்சம் காட்ட முடியும்னு கேக்குது, மூணாவது எவ்வளவு இருட்டுன்னு. நீங்க சொல்ற பதிலை வச்சுதான் கேம் தன்னோட வெளிச்சத்த அளந்து அனுப்பும்.

சிக்கல் என்னன்னா, டிவில டைனமிக் டோன் மேப்பிங் (வர்ற வெளிச்சத்த டிவியே தன் சக்திக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கிறது) ஆன்ல இருந்தா இந்த டெஸ்ட்டே செல்லாது. நீங்க அப் பட்டனை அழுத்த அழுத்த ஸ்க்ரீன்ல தெரியுற குறி மங்கிக்கிட்டே வந்து ஒரு இடத்துல வெள்ளையோட வெள்ளையா மறையணும், ஆனா டிவி உள்ள வர்ற வெளிச்சத்த எல்லாம் அமுக்கி அமுக்கி தனக்குத் தகுந்த மாதிரி காட்டுறதால குறி மறையவே மறையாது, நீங்களும் அழுத்திக்கிட்டே போவீங்க. என் பேனல் 800 நிட்ஸ் (வெளிச்சத்தோட அளவு) கிட்ட தான் போகும், ஆனா பிஎஸ்5 இவன் டிவி ஆயிரக்கணக்கில நிட்ஸ் அடிக்கும்னு நம்பிரும். அப்புறம் கேம் ஒரு தடவை டோன் மேப் பண்ணும், டிவி அதுக்கு மேல இன்னொரு தடவை பண்ணும், மாமியாரும் மருமகளும் தனித்தனியா உப்பு போட்ட சாம்பார் தான்.

இதுக்குத்தான் ஹெச்ஜிஐஜி. சோனி, மைக்ரோசாஃப்ட், டிவி கம்பெனிக எல்லாம் சேர்ந்து போட்ட வழிமுறை. அந்த ஆப்ஷனைப் போட்டா டிவி தன் வேலையக் காட்டாம, பேனலோட உச்சம் வரைக்கும் வர்றத அப்படியே காட்டிட்டு அதுக்கு மேல வெட்டிரும். டோன் மேப்பிங் மெனுல ஆன், ஆஃப் பக்கத்துலயே இருக்கும், ஆனா கேம் மோட்ல ஹெச்டிஆர் சிக்னல் ஓடும்போது தான் தலைகாட்டும், அதான் பல பேர் கண்ணுல படுறதில்ல. அதைப் போட்டுட்டு ராத்திரி டியூப்லைட்ட அணைச்சு திரும்ப அந்த மூணு ஸ்க்ரீன். இப்ப குறி ஒரு கிளிக்ல லேசா தெரியுது, அடுத்த கிளிக்ல சுத்தமா காணோம். அங்கயே நிறுத்திரணும், ஒரு கிளிக் கூடப் போகக்கூடாது. மூணாவது ஸ்க்ரீன் ஓஎல்ஈடினா யோசிக்கவே வேணாம், அடிமட்டம்.

முதல்ல பாக்குறப்ப படம் கொஞ்சம் டல்லா இருக்கிற மாதிரி தான் இருக்கும், சொல்லிட்டேன். என் தம்பி வந்து "என்னண்ணே, பிரைட்னஸ் கொறச்சிட்டியா"ன்னான். அரை மணி நேரம் ஆடிப் பாரு, அப்புறம் பேசுன்னேன். இப்ப அவனே பழைய செட்டிங்குக்குப் போக விடமாட்டேங்கிறான். ஒண்ணு, சில கேம் சிஸ்டம்ல போட்டத மதிக்காது, தனியா ஸ்லைடர் வச்சிருக்கும், அதுல பீக் பிரைட்னஸ கையால 800 வைக்கணும், பேப்பர் வொய்ட் (சாதாரண வெள்ளையோட வெளிச்சம்) 200 பக்கம் போதும். அப்புறம் ஹெச்டிஆரை 'சப்போர்ட் பண்ணும்போது மட்டும் ஆன்'ல போடுங்க, இல்லன்னா ஹெச்டிஆர் இல்லாத பழைய பிஎஸ்4 எஸ்டிஆர் கேமை எல்லாம் ஹெச்டிஆர் சட்டைக்குள்ள திணிச்சு கலரக் கெடுக்கும்.

கேபிள். பெட்டியோட வந்ததே போதும், ஆனா நான் டிவிய சுவர்ல மாட்டினதால நீளமா வேணும்னு ரிச்சி தெருல ஒரு கடைல வாங்கினேன், '8கே'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, 4கே 120 ஹெர்ட்ஸ் போட்டா நிமிஷத்துக்கு ஒருவாட்டி ஸ்க்ரீன் கறுப்பாகும். கவர்ல 'அல்ட்ரா ஹை ஸ்பீட்'னு ஸ்டிக்கரும் ஸ்கேன் பண்ற க்யூஆரும் இருக்கான்னு பாத்து வாங்குங்க, 8கேனு யார் வேணா அச்சடிக்கலாம். 120ல பிஎஸ்5 4:2:2 (கலர் விவரத்த மட்டும் பாதியாக் குறைக்கிற முறை) தான் அனுப்பும், அதோட வேகம் 32 ஜிபிபிஎஸோட நின்னுருது, அதுக்கு கேபிள் மேல பழி போடாதீங்க. சோஃபால இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது.

விஆர்ஆர் (கேமோட ஃப்ரேம் வேகத்துக்கு ஏத்த மாதிரி டிவியோட ரெஃப்ரெஷ் மாறுறது) இன்னும் முடிக்கல. 2022ல அப்டேட்ல வந்தது, 48ல இருந்து 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் தான் வேலை செய்யுது, என் பேனல்ல இருட்டு சீன்ல லோடிங் வரும்போது லேசா மினுக்குது. ஓஎல்ஈடிக்கே உள்ள வியாதி, ரெஃப்ரெஷ் மாறுறப்ப காமா (இருட்டு-வெளிச்ச சாயல்) ஆடுது. இப்போதைக்கு ஆஃப்ல வச்சிட்டு 40 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 40 ஃப்ரேம்) மோட் இருக்கிற கேமா தேடி ஆடிட்டிருக்கேன். 120 ஹெர்ட்ஸ்ல ஒவ்வொரு ஃப்ரேமும் சரியா மூணு தடவை, 25 மில்லிசெகண்ட், 30க்கும் 60க்கும் நேரக் கணக்குல நட்டநடு. ராட்செட் அண்ட் கிளாங்க்ல பாத்துட்டு 30க்குத் திரும்பவே மனசு வரல.

ஹெச்ஜிஐஜி இல்லாத எல்ஈடி டிவில யாராவது டோன் மேப்பிங் ஆஃப் பண்ணிட்டு அந்த மூணு ஸ்க்ரீன் போட்டுப் பாத்திருந்தா எங்க குறி மறைஞ்சுதுன்னு சொல்லுங்க, மச்சான் வீட்டு டிவி அடுத்து வரிசைல நிக்குது.